குவியலின் கிழக்குப் பக்கம்

‘அதே மாதிரிதான்’ என்று அவள் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தீர்ந்தது. எங்கள் அலுவலகம் இருக்கிற காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வெளியே நாங்கள் நாஷ்டா சாப்பிடுகிற கடையில் ஒருநாள் இட்லி தீர்ந்துபோய், கடைக்காரர் பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டு எடுத்துவந்து வைத்தார். “இது இப்ப ஊத்துனதாண்ணா?” என்று கேட்டாள். “எல்லாம் அதே மாதிரிதாம்மா, சாப்புடு” என்றார் அவர். எழுந்து நேராகப் பின்பக்கம் போய்விட்டாள். பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வந்து, “நேத்து ஊத்துனது. அத சொல்லிட்டுக் குடுத்தா நான் துன்னமாட்டேன்னா சொன்னேன்?” என்று ஒரு சண்டை போட்டாள். போட்டுவிட்டு அதே நாலு இட்லியையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு மானம் போயிற்று. ஒரு வாரத்துக்கு அந்தக் கடைக்காரர் எனக்குச் சாம்பார் இரண்டாம் தடவை ஊற்றவில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. தன் பெயரை நான் எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. அந்த உரிமையை நான் எப்படி இழந்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுடையது நாலு பேர் வேலை பார்க்கிற அலுவலகம். ஆலைகளுக்கு வெப்பக் கணக்குப் போட்டுத் தருவோம். உலைச் சுவருக்கு எத்தனை அடுக்குச் செங்கல், நீராவிக் குழாய்க்கு எவ்வளவு தடிமனில் சூடு காக்கும் கண்ணாடிக் கம்பளி, இந்த மாதிரி. அவள் மட்டும் அதில் ஒரு தனிக் கிளையைப் படித்துவிட்டு வந்திருந்தாள். மணல், உமி, நிலக்கரி என்று உள்ளே சந்து சந்தாக இருக்கிற பொருளைக் குவித்து வைத்தால், அந்தச் சந்துகளில் இருக்கும் காற்று சூடாகித் தானாக மேலே ஏறும். அடியில் புதுக் காற்று தானாக நுழையும். யாரும் ஊத வேண்டாம், விசிற வேண்டாம். அந்தக் காற்று எந்த வழியாகப் போகும், எங்கே எவ்வளவு சூடு சேரும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் படமாகக் காட்டுவாள். குவியலைப் பல்லாயிரம் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பாள். ஒரு கட்டத்தின் விடை பக்கத்துக் கட்டத்தை மாற்றும், அது அடுத்ததை மாற்றும், எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்வரை கணினி திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில் ஓடும். ஓடுகிற நேரத்தில் அவள் உட்காரமாட்டாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி திரைமுன் நின்றுகொண்டிருப்பாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னைவிட இரண்டு வருடம் சின்னவள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள், அதை நாசூக்காகச் சொல்லவும் தெரியாது. நான் போட்ட கணக்கில் பிழை கண்டுபிடித்தால் நாலு பேர் முன்னால்தான் சொல்வாள். “இது கணக்கா, கோலமா?” என்று ஒருமுறை கேட்டாள். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

அலுவலகத்தின் முதலாளியை நாங்கள் சார் என்போம். அவருக்கும் அவளுக்கும் நித்தம் ஒரு பஞ்சாயத்து. திருவள்ளூர் தாண்டி ஒரு ஆலைக்குப் போயிருந்தோம். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டாள். “கீதும்மா. ஜென்ட்ஸ்க்கு கட்டுன அதே மாதிரிதான் லேடீஸ்க்கும் கட்டிக்கிறாங்க” என்றார். கட்டியது உண்மைதான். உள்ளே கூரை முட்ட சிமெண்ட் மூட்டை. அவள் திரும்பி வந்து, அந்த ஆலையின் பாய்லர் அறிக்கையில், ‘தளத்தில் கண்டவை’ என்ற தலைப்பின் கீழே மூன்றாவது வரியாக அதை எழுதிவைத்தாள். சார் அந்த வரியை அடித்தார். அவள் மறுபடி எழுதினாள். சார் மறுபடி அடித்தார். கடைசியில் எந்தப் பிரதி போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த தடவை போனபோது மூட்டைகளைக் காணோம்.

அவளுக்கு ஏன் இந்தக் குணம் என்று நான் யோசித்ததே இல்லை. ஒருதரம் காய்ச்சலில் படுத்திருந்தாள் என்று மடிக்கணினியைக் கொடுக்க அவள் ஊருக்குப் போனேன். கவரப்பேட்டையைத் தாண்டி உள்ளே போகவேண்டும். ரோட்டோரத்தில் ஊர். சிமெண்ட் கால்வாய், விளக்குக் கம்பம், எல்லாம் இருந்தது. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் காலனி. அங்கேதான் அவள் வீடு. கால்வாய் ஏரிக்கரையோடு நின்றுவிட்டது. மழைக்காலம் என்பதால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தவள் என் செருப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

“ரோட்ல போர்டு பார்த்தியா? ஊர் முழுக்க கால்வா போட்டாச்சுன்னு எய்தி வெச்சிக்கிறாங்க. அளக்க வந்த ஆபீசர் ஊரப் பார்த்துட்டு, காலனியும் இதே மாதிரிதானேன்னு கேட்டுக்கினு ஜீப்புல ஏறிட்டான். எங்கம்மா ஓடிப்போய் கூப்புட்டாங்க. அதே மாதிரிதான்னு சொல்றவன் எவனும் அந்தாண்ட போய் பார்த்திருக்கமாட்டான்பா.”

அவள் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஒரு ஆலையில் இருபது வருடம் கூட்டிப் பெருக்கியவர். நான் டீயைக் குடித்துவிட்டு, அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திரும்பி வந்தேன்.

இப்போது குவியலுக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு எஃகு ஆலை. அங்கே ஸ்பான்ஜ் அயர்ன் வாங்கிக் கொட்டி வைப்பார்கள். தாதுவைச் சூடாக்கி அதிலிருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சி எடுத்துவிட்டால் மிஞ்சுகிற இரும்பு அது. பேருக்கு ஏற்ற மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. இழந்த ஆக்ஸிஜனைத் திரும்பப் பிடிக்க அலையும். பிடிக்கப் பிடிக்கச் சூடாகும். ஈரம் பட்டால் இன்னும் மோசம். கொட்டகையில் குவியலை இன்னும் உயரமாகக் கொட்டலாமா, பயமில்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி ஆலைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். பயமில்லை என்று சொல்லச் சொன்னார்கள் என்பதே சரி.

அவளும் நானும் பார்க்கப் போனோம். கார்த்திகை மாதம், வானம் மூடிக் கிடந்தது. மேற்கிலிருந்து டிப்பர் லாரி வந்து கொட்டும். கொட்டும்போது பெரிய கட்டிகள் உருண்டு கிழக்கு அடியில் போய்ச் சேரும்; பொடி எல்லாம் மேற்கிலேயே தங்கிவிடும். கிழக்கே ஒரு செங்கல் சுவர். குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் நாலடி இடைவெளி. அந்த இடைவெளியில் ஒப்பந்த வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோகம்மா என்று ஒருத்தர், ஐம்பது வயது இருக்கும், குவியல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாக்கா, இங்க குந்திகினு கீறீங்க? வேற எடமில்லையா?” என்று கேட்டாள்.

“இங்கதான் கண்ணு தாவல. மய சாரலு வராது. சூப்ரவைசர் கண்ணுலயும் படமாட்டோம்” என்றார் லோகம்மா. “அப்பால, முதுகுக்குக் கதகதன்னு கீது பாரு. இடுப்பு வலிக்கு ஒத்தடம் குடுத்தா மாதிரி. போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னும் சூடு.”

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். மண்டியிட்டு அந்தக் கட்டிகளுக்கு நடுவே கையை விட்டாள். எழுந்து என்னைப் பார்த்து, “காத்து இங்கதான் நுழையுது. இங்க கட்டி, சந்து பெருசு. மேல போவப் போவ பொடி. உள்ள போன காத்து பொடிகிட்ட போய் மாட்டிக்கினு சூடு ஏத்தும்” என்றாள். பிறகு லோகம்மாவிடம், “அக்கா, நாளைலருந்து இங்க குந்தாதீங்க. நான் கணக்குப் போட்டு எடுத்துக்கினு வரேன். அதக் காட்டி உங்களுக்கு வேற எடம் கேக்கறேன்” என்றாள்.

கணக்கு. அதைச் சொன்னால்தான் யாருக்கும் அவள் கோபம் புரியும். குவியல் முழுவதையும் ஓட்டினால் எங்கள் கணினியில் பதினோரு நாள். சாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. பொருள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், நடுவில் ஒரு கோடு போட்டு வெட்டி, ஒரு பாதிக்கு மட்டும் கணக்குப் போட்டு, மறுபாதிக்கு அதையே திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். குழாய்க்கும் உலைக்கும் நானே நூறு தடவை செய்திருக்கிறேன். தப்பே இல்லை.

“மேற்கு பாதிய ஓட்டும்மா, மூணு நாள்ல முடிஞ்சிடும். கிழக்கும் அதே மாதிரிதானே” என்றார் சார்.

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் பக்கத்து லேத் பட்டறைவரை கேட்டது. மேற்கில் பொடி, கிழக்கில் கட்டி, மேற்கில் வெட்டவெளி, கிழக்கில் சுவர், எதை சார் அதே மாதிரி என்கிறீர்கள், அங்கே ஏழு பொம்பளைங்க குந்திகினு கீறாங்க என்று மேசையைத் தட்டினாள். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “நீ பாதிய ஓட்டுப்பா” என்றார்.

ஓட்டினேன். ‘முடியாது சார்’ என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. இட்லிக் கடையில் என் மானத்தை வாங்கியவள், நாலு பேர் முன்னால் கோலம் என்றவள், இப்போது அவளை ஒதுக்கிவிட்டு என்னிடம் கொடுக்கிறார்கள் என்பதில் ஒரு சந்தோஷம். அந்த அற்பத்தனத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. மூன்று நாளில் படம் வந்தது. எங்கேயும் அறுபது டிகிரிக்கு மேல் இல்லை. பொடிக்குள் காற்று நுழையவே இல்லை, எப்படிச் சூடாகும்? அதைத் திருப்பி ஒட்டி, அழகாக இரு பக்கமும் பச்சையாகக் குவியலை வரைந்து, உயரமாகக் கொட்டலாம் என்று எழுதினேன். அறிக்கை போய்விட்டது.

அவள் விடவில்லை. நல்ல கணினி ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. என் கணக்கு முடிந்ததும் அதில் முழுக் குவியலையும் தானே ஏற்றி ஓடவிட்டாள். சார் முறைத்தார்; ஆனால் வேறு அவசர வேலை இல்லாததால் பேசாமல் இருந்தார். ஒவ்வொரு நாளும் வந்ததும் பையைக்கூட வைக்காமல் திரைமுன் போய் நிற்பாள். பிழை எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற எண்ணை மட்டும் பார்ப்பாள், சூட்டுப் படத்தைத் திறக்கமாட்டாள். அதற்குள் முடிவு சொல்லமாட்டாள். “இன்னும் ஒத்துவரல. முடியட்டும். முடியாதத எடுத்துக்கினு போனா மூஞ்சில வீசுவானுங்க” என்பாள். தன் கணக்கிலேயே அவசரப்படாத அந்த நேர்மை எனக்கு அப்போது கர்வமாகத் தெரிந்தது.

ஒன்பதாவது நாள், அவளை ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு வேலையாக அனுப்பிவிட்டு சார் என்னிடம் வந்தார். புதிதாக ஒரு பார்ட்டி, நாளை மறுநாள் கணக்கு வேண்டும், மிஷினைக் காலி பண்ணு என்றார். “இன்னும் ரெண்டு நாள்தான் சார்” என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். “ரிப்போர்ட்தான் போய்டுச்சே. இப்ப அது வேற மாதிரி வந்தா நம்ம மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?” என்றார் அவர். நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. நிறுத்தினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதாது என்று அதுவரை சேர்ந்திருந்ததையும் அழித்தேன்.

மறுநாள் காலை அவள் வந்து நின்றபோது திரையில் என் புதுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கத்தவில்லை. கீழே வைக்காத பையோடு திரும்பி வெளியே போய்விட்டாள்.

அவள் அங்கிருந்து நேராகப் பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறி கும்மிடிப்பூண்டி போயிருக்கிறாள். போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம். முன்பு வந்தவள் என்பதால் கேட்டில் விட்டுவிட்டார்கள். அங்கே நடந்ததைப் பிறகு லோகம்மா வாயால் கேட்டேன்.

“எய்ந்திரு எய்ந்திருன்னு ஒரே கூச்சலு. இன்னாம்மா, கணக்கு எடுத்துக்கினு வரேன்னியே, எங்கன்னு கேட்டேன். கணக்கு இல்லக்கா, எய்ந்திருங்கன்னு சொல்லிட்டு எங்க சோத்து டப்பா அல்லாத்தையும் வாரிக்கினு போய் லாரி எட போடற மேடை பக்கத்துல வெச்சிட்டா. எங்களுக்கு ஆத்திரம்னா ஆத்திரம். ஒருத்தி புடிச்சி தள்ளிக்கூட வுட்டா. அதுக்குள்ள செக்யூரிட்டி வந்து கைய புடிச்சி இய்த்துக்கினு போனான்.”

ஆலையிலிருந்து சாருக்குப் போன் வந்தது. அன்று மாலையே அவளுக்கு வேலை இல்லை. அவள் மேசையில் இருந்த இரண்டு நோட்டையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் நான்தான் பையில் போட்டு எங்கள் எஸ்டேட் வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

லோகம்மாவும் மற்றவர்களும் மூன்று நாள் எடைமேடை ஓரமாக உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் மழை. லாரி வருகிற இடத்தில் உட்காராதே என்று சூப்பர்வைசர் விரட்டினார். பழைய இடத்துக்கே போனார்கள். கூரையில் ஒரு தகடு பெயர்ந்து குவியலின் மேல் ஒழுகிக்கொண்டிருந்ததாம். இரண்டு நாள் கழித்து, மேற்கில் லோடர் அள்ளிக்கொண்டிருக்கும்போது கிழக்குச் சரிவு அப்படியே இறங்கியது. வெளியே சாம்பல் நிறம், உள்ளே செக்கச்செவேல் என்று கனிந்திருந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இடுப்பு வலிக்காரி லோகம்மாவால் சட்டென்று எழ முடியவில்லை. இரண்டு காலும் வலது கையும் வெந்துபோயின.

விசாரணை என்று ஒன்று நடந்தது. மழைநீர்தான் காரணம் என்று முடிந்தது. முறைப்படி நிபுணர்களிடம் கணக்கு வாங்கியிருக்கிறோம் என்று ஆலைக்காரர்கள் என் பச்சைப் படத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்த ஒருவரும், ஏனய்யா இரண்டு பக்கமும் அச்சாக இப்படி ஒன்றாக இருக்கிறது என்று கேட்கவில்லை. படித்தவர்கள்! சார் அந்த மாதம் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் லோகம்மாவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பகல் பார்வையாளர் நேரம். கட்டில் பக்கத்தில் அவள் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டுவதிலும் அதட்டல்தான். “வாய தொற. இன்னொரு வாய். அழுவாத, அழுதா புரையேறும்.”

“உன் பேச்ச கேட்டிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா கண்ணு? என் புத்திய செருப்பால அடிக்கணும்” என்றார் லோகம்மா.

“நீ ஏன்க்கா அடிச்சிக்கிற? மய பெய்யறப்ப எங்க போய் குந்துவ? உனுக்கு எவன் எடம் குடுத்தான்?” என்று எரிந்து விழுந்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, என்னைத் தாழ்வாரத்துக்கு வரச் சொல்லித் தலையை அசைத்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“ஒன்னு கேக்கணும்பா. கைல ஒரு நம்பர் இருந்திருந்தா நான் கத்தியிருக்கமாட்டேன். பேப்பர நீட்டியிருப்பேன். அது இல்லாம போய் கூச்சல் போட்டேன், அவங்க பைத்தியம்னு நெனச்சிக்கினாங்க. முந்தின வாரமே படத்த தொறந்து, இருக்கறத வெச்சி சொல்லியிருக்கலாம். முடியட்டும் முடியட்டும்னு நானே உட்டுட்டேன். எனுக்கு தூக்கம் வரல. கெயக்குப் பக்கம் அப்பவே ஏறிக்கினு இருந்துச்சா, இல்ல நான் சும்மா கோவத்துலதான் பேசினேனா? கடைசியா அந்தப் படத்த பார்க்கக் கூடியவன் நீ ஒருத்தன்தான். நிறுத்தறதுக்கு முன்ன பார்த்தியா?”

“பார்க்கல” என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி” என்று சொல்லிவிட்டுக் கஞ்சி ஆறிவிடும் என்று உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. திருச்சிப் பக்கம் ஏதோ கல்லூரியில் இருக்கிறாள் என்கிறார்கள். போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. பலமுறை போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்திருக்கிறேன்.

பார்த்தேன். கிழக்கு அடியில், சுவர் ஓரம், லோகம்மா முதுகு சாய்க்கிற இடத்துக்கு நேர் உள்ளே, சிவப்பு. நூற்று நாற்பது டிகிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நூற்று ஐம்பது ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன்.